பிரியம்வதா நடராஜன்

பிரியம்வதா நடராஜன் கோயம்புத்தூரில் பிறந்த கோட்பாட்டு வானியற்பியலாளர் ஆவார். ஐக்கிய அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வானியல், இயற்பியல் ஆகிய இரு துறைகளிலும் பேராசிரியராக உள்ளார். அண்டத்தில் கண்ணுக்குப் புலப்படாத இரண்டு பொருள்கள் இவரது ஆய்வுக்களம் ஆகும். ஒன்று, ஒளியை வெளிவிடாமலும் உறிஞ்சாமலும் இருக்கும் கரும்பொருள். மற்றொன்று, பேரடைகளின் நடுவே அமைந்திருக்கும் மீநிறைக் கருந்துளைகள். அண்டத்தின் தொடக்கக் காலத்தில் பெரும் வளிம மேகங்கள் விண்மீன்களாக மாறாமலேயே நேரடியாகச் சரிந்து கருந்துளைகளாகியிருக்கக் கூடும் என்னும் கருத்தை வளர்த்தெடுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். அக்கருத்தின் அடிப்படையில் 2017ல் இவரும் இவரது குழுவினரும் வெளியிட்ட முன்கணிப்புக்குப் பொருந்தும் பேரடை ஒன்று 2023ல் கண்டறியப்பட்டது. இவர் பரவலாக அறியப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

பிறப்பும் பள்ளிக் காலமும்

கல்வித்துறையைச் சார்ந்த பெற்றோரின் மூன்று பிள்ளைகளுள் ஒருவராகப் பிரியம்வதா பிறந்தார். பிறந்தது கோயம்புத்தூர் எனினும் வளர்ந்தது தில்லியில் ஆகும். அங்கு இராமகிருஷ்ணபுரத்தில் உள்ள தில்லி பப்ளிக் பள்ளியில் படித்தார். ஆகவே இவரைக் கொங்கு நாடு உருவாக்கிய அறிவியலாளர் என்று கூறுவது மிகையாகும். கொங்கு நாட்டில் பிறந்தவர் என்பதே பொருந்தும்.

இவரது வானியல் ஆர்வம் செயலாக மாறியது தில்லி நேரு கோளரங்கத்தில் ஆகும். 1984ல் திறக்கப்பட்ட இக்கோளரங்கத்தின் இயக்குநராக இருந்த நிருபமா இராகவனை, பள்ளி மாணவியாக இருந்தபோது பிரியம்வதா அணுகித் தமக்கு ஏதேனும் ஒரு வேலை தருமாறு கேட்டார். தில்லியின் வானத்தை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பார்த்தால் எந்தெந்த விண்மீன்கள் எங்கெங்கே தெரியும் என்பதைக் கணித்து வரையும் நிரல் ஒன்றை எழுதும் பணி இவருக்குத் தரப்பட்டது. வீட்டில் இருந்த கொமடோர் 64 வகைக் கணினியைக் கொண்டு இவர் அதனைச் செய்து முடித்தார். இன்று கைப்பேசியில் இமைப்பொழுதில் கிடைக்கும் இப்படத்தை வரைய, அக்காலத்தில் கோள முக்கோணவியலை முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பிற்காலத்தில் இவர் ஈடுபட்ட பணிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் வரைபடம் வரைவதாகவே அமைந்தன.

உயர்கல்வி

பள்ளிப் படிப்புக்குப் பின் ஐக்கிய அமெரிக்கா சென்று, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலிலும் கணிதத்திலும் இளநிலைப் பட்டங்கள் பெற்றார். அங்கேயே அறிவியல், தொழில்நுட்பம், சமூகம் ஆகியவற்றின் உறவைப் பயிலும் துறையிலும் சேர்ந்து, அறிவியலின் வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைக் கற்றார். அதன் பின்னர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வானியல் கழகத்தில், புகழ்பெற்ற அண்டவியலாளரான மார்ட்டின் ரீஸ் அவர்களின் வழிகாட்டலில் 1990களின் இறுதியில் முனைவர் பட்டம் பெற்றார்.

கேம்பிரிட்ஜில் இவர் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்தவர். 1997 முதல் 2003 வரை அக்கல்லூரியின் ஆய்வு உறுப்பினராக இருந்தார். வானியற்பியல் துறையிலிருந்து அக்கல்லூரியின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்ட முதல் பெண் இவரே ஆவார். இந்த உறுப்பினர் பதவிக்குத் தமிழர்களின் அறிவியல் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1918ல் கணித மேதை சீனிவாச இராமானுசன் இப்பதவியைப் பெற்ற முதல் இந்தியரானார். 1933ல் சுப்பிரமணியன் சந்திரசேகர் இரண்டாமவரானார். இராமானுசனும் கொங்கு நாட்டில், ஈரோட்டில், 1887ல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

2000ஆம் ஆண்டில் பிரியம்வதா யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

கரும்பொருளை வரைதல்

1933ல் சுவிட்சர்லாந்து நாட்டவரான பிரிட்ஸ் சுவிக்கி, கோமா பேரடைக் கொத்தில் உள்ள பேரடைகள் மிகுந்த வேகத்தில் இயங்குவதைக் கண்டார். அங்கே தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு விசை மட்டும் இருந்திருந்தால் அக்கொத்து என்றோ சிதறிப்போயிருக்கும். எனவே புலப்படாத பொருள் அங்கு மிகுதியாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பல பத்தாண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்த இக்கருத்துக்கு 1970களில் வேரா ரூபின் என்னும் அமெரிக்கப் பெண் வானியலாளர் பேரடைகளின் சுழற்சியை அளந்து வலுச் சேர்த்தார். இன்றைய கணக்கின்படி அண்டத்தின் மொத்த ஆற்றலிலும் பொருளிலும் நாம் அறிந்த அணுக்களாலான பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. கரும்பொருள் ஏறத்தாழ 27 விழுக்காடு. எஞ்சிய 68 விழுக்காடு, அண்ட விரிவை முடுக்கும் இருண்ட ஆற்றல் ஆகும்.

ஒளி தராத பொருளை எவ்வாறு வரைவது? இதற்கு உதவுவது ஈர்ப்பு வில்லை விளைவு. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாட்டின்படி நிறையுள்ள எப்பொருளும் தன் அருகே செல்லும் ஒளியை வளைக்கும். ஒரு பேரடைக் கொத்து, தனக்குப் பின்னால் வெகு தொலைவில் உள்ள பேரடைகளின் ஒளியை வளைத்து, அவற்றின் உருவங்களை நீட்டியும் பெரிதாக்கியும் சில வேளைகளில் ஒன்றைப் பலவாக்கியும் காட்டுகிறது. தடித்த கண்ணாடிக் குவளையின் அடிப்பகுதி வழியே ஓர் எழுத்தைப் பார்த்தால் அது கோணலாகத் தெரிவதை ஒப்பிடலாம். எழுத்து எவ்வளவு கோணியிருக்கிறது என்பதைக் கொண்டு கண்ணாடியின் தடிப்பைக் கணக்கிடுவதைப் போல, பின்னணிப் பேரடைகளின் கோணலைக் கொண்டு இடையில் உள்ள கரும்பொருளின் பரவலைக் கணக்கிட முடியும்.

பிரியம்வதா நுழைந்த காலத்தில் இம்முறை பெரும்பாலும் பேரடைக் கொத்தை ஒரே பெரும் வில்லையாகக் கருதியே கையாளப்பட்டது. ஆனால் கொத்துக்குள் நூற்றுக்கணக்கான தனிப் பேரடைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றையும் சூழ்ந்து ஒரு கரும்பொருள் உறை உண்டு. பெரிய வில்லைக்குள் பதிந்திருக்கும் இச்சிறு வில்லைகளின் விளைவையும் பிரித்தறிய முடியும் என்று காட்டும் கணிதமுறையை இவரும் பிரெஞ்சு வானியலாளர் ஜான்-பால் நீப்பும் 1997ல் வெளியிட்டனர். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கூர்மையான படங்களில் இம்முறையைப் பயன்படுத்தி, கொத்தின் மையத்தை நெருங்கும் பேரடைகளின் கரும்பொருள் உறைகள் ஈர்ப்பு விசையால் உரிக்கப்பட்டுச் சிறுத்துப்போவதை 2009ல் இவரது குழு ஒரு கொத்தில் அளந்து காட்டியது. கரும்பொருள் துகள்களாலானது, அத்துகள்கள் மெதுவாக இயங்குபவை என்னும் வழக்கமான கொள்கை எதிர்பார்ப்பதும் இதுவே.

2010ல் எரிக் ஜூலோ தலைமையில் இவரும் பங்கேற்ற ஓர் ஆய்வு, ஏபெல் 1689 என்னும் கொத்தின் வில்லை விளைவைக் கொண்டு இருண்ட ஆற்றலின் தன்மையை மதிப்பிட்டது. அண்டத்தின் வடிவம் எத்தகையது என்பதைப் பொறுத்து வில்லையின் விளைவும் மாறும் என்பதே இதன் அடிப்படையாகும்.

பொருந்தாத அளவீடு

இவரது கரும்பொருள் ஆய்வுகளில் பெரிதும் விவாதிக்கப்பட்டது 2020 செப்டம்பரில் சயன்ஸ் இதழில் வெளியான கட்டுரை ஆகும். இத்தாலியரான மாசிமோ மெனகெட்டி இதன் முதல் ஆசிரியர். 11 பேரடைக் கொத்துகளை ஆராய்ந்ததில், கொத்துகளுக்குள் உள்ள தனிப் பேரடைகள் வலிமையான சிறு வில்லைகளாகச் செயற்படும் நிகழ்வுகள், கணினி மாதிரிகள் கணிப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ பத்து மடங்கு மிகுதியாகக் காணப்பட்டன. அதாவது அச்சிறு உறைகளின் நடுவே கரும்பொருள் எதிர்பார்த்ததை விடச் செறிந்து கிடக்கிறது.

இம்முரண்பாட்டுக்கு இரண்டு விளக்கங்களே இருக்க முடியும். ஒன்று, கணினி மாதிரிகளில் ஏதோ விடுபட்டுள்ளது. மற்றொன்று, கரும்பொருள் பற்றிய நமது புரிதலில் ஏதோ விடுபட்டுள்ளது. கட்டுரை வெளியான மறு ஆண்டே வேறு சில குழுவினர், நுண்மை கூடிய மாதிரிகளில் இம்முரண்பாடு பெரிதும் குறைந்துவிடுகிறது என்று எதிர்வாதம் செய்தனர். விவாதம் முடிவுக்கு வரவில்லை. எனினும், வழக்கமான கரும்பொருள் கொள்கையை வலியுறுத்தும் சான்றுகளைத் தமது வாழ்க்கையின் முற்பகுதியில் திரட்டித் தந்த ஒருவரே, தாம் உருவாக்கிய முறையைக் கொண்டு அதில் உள்ள விரிசலையும் சுட்டிக்காட்டுவதில் பங்கேற்றார் என்பது கவனிக்கத்தக்கது.

கருந்துளைகளின் விதைகள்

பால்வழி உட்பட ஏறத்தாழ எல்லாப் பெரிய பேரடைகளின் நடுவிலும் ஒரு மீநிறைக் கருந்துளை உண்டு. பால்வழியில் உள்ளது சூரியனைப் போல ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு நிறை கொண்டது. வேறு சிலவற்றின் நிறை நூற்றுக்கணக்கான கோடி சூரியன்களுக்கு ஈடானது. இவை எங்கிருந்து வந்தன என்பது வானியலின் பழைய கேள்விகளுள் ஒன்று.

எளிய விடை இது: முதல் தலைமுறை விண்மீன்கள் எரிந்து முடிந்து, சூரியனைப் போல 10 முதல் 100 மடங்கு வரை நிறை கொண்ட கருந்துளைகளாயின, அவை சுற்றியுள்ள வளிமத்தை விழுங்கி வளர்ந்தன. இவை இலேசான விதைகள் எனப்படும். ஆனால் இவ்வளர்ச்சிக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. கருந்துளைக்குள் விழும் வளிமம் சூடேறி ஒளிரும். அவ்வொளியின் அழுத்தம் மேலும் வளிமம் விழாதவாறு வெளியே தள்ளும். இந்த உச்ச வரம்பை ஆங்கிலேய வானியற்பியலாளரின் பெயரால் எடிங்டன் வரம்பு என்பர். இவ்வரம்பில் இடைவிடாமல் வளர்ந்தாலும் ஒரு கருந்துளையின் நிறை இரட்டிப்பாக ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் ஆகும்.

இக்கணக்கைச் சற்று நீட்டிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். 100 சூரிய நிறையில் தொடங்கி 100 கோடி சூரிய நிறையை எட்ட 23 முறைக்கு மேல் இரட்டிப்பாக வேண்டும். அதற்கு ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள் தேவை. முதல் விண்மீன்கள் தோன்றி மடிவதற்கான காலம் இதில் சேரவில்லை. ஆனால் அண்டம் தோன்றி 67 கோடி ஆண்டுகளே ஆனபோது, 160 கோடி சூரிய நிறையுடன் கருந்துளை ஒன்று இருந்திருக்கிறது என்பது 2021ல் அறிவிக்கப்பட்ட ஒரு குவாசரிலிருந்து தெரிய வந்தது. காலம் போதவில்லை.

போதாத காலத்தை ஈடுகட்ட ஒரு வழி, விதையையே பெரிதாக்குவதாகும். 2006ல் பிரியம்வதாவும் இத்தாலிய வானியற்பியலாளர் ஜூசெப்பே லொடாட்டோவும், முதற்பேரடைகள் உருவாகும் காலத்தில் வளிமத் தட்டு ஒன்று தன் ஈர்ப்பு நிலையின்மையால் நடுவை நோக்கிப் பாய்ந்து பெருங் கருந்துளை விதையாகத் திரளும் முறையைக் கணக்கிட்டுக் காட்டினர். இத்தகைய கருத்தை இவர்கள் மட்டும் முன்வைக்கவில்லை. 1990களிலேயே இதற்கான முயற்சிகள் தொடங்கிவிட்டன. இவரது ஆசிரியரான ரீஸும் மிட்செல் பெகல்மன், மார்த்தா வொலொன்டேரி ஆகியோருடன் சேர்ந்து அதே 2006ல் இதற்கு நெருங்கிய வேறொரு வழியை வெளியிட்டார். லொடாட்டோ, பிரியம்வதா ஆகியோரின் பணியின் சிறப்பு, எத்தகைய பேரடைகளில் எவ்வளவு நிறையுள்ள விதைகள் எத்தனை தோன்றும் என்பதை எண்ணிக்கையாகத் தந்ததே. எண்ணாகச் சொல்லப்பட்ட கருத்தையே சோதிக்க முடியும்.

வளிமம் விண்மீனாகாமல் சரிவது எவ்வாறு?

இதனைப் புரிந்துகொள்ள விண்மீன்களுக்கு இடையிலுள்ள பொருளைப் பற்றி அறிவது தேவை. இன்றைய பால்வழியில் விண்மீன்களுக்கு இடையே வளிமமும் தூசியும் கலந்து பரவியுள்ளன. நிறையில் ஏறத்தாழ 99 விழுக்காடு வளிமம், 1 விழுக்காடு தூசி. வளிமத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன். (கோயம்புத்தூரிலிருந்து மலையேறினால் வரும் உதகமண்டலத்தில், முத்தோரை என்னுமிடத்தில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி, பால்வழியின் மின்னேற்றம் பெற்ற ஹைட்ரஜன் வளிமத்தை ஆராயவும் பயன்பட்டுள்ளது.) இந்த ஊடகம் குளிரும்போது, குளிர்ந்த மேகம் மழைத்துளிகளாக உடைவதைப் போலப் பல துண்டுகளாக உடைந்து விண்மீன்களாகிறது. குளிர்வதற்குத் தூசியும், கரிமம், ஆக்சிஜன் போன்ற கனமான தனிமங்களும் பெரிதும் உதவுகின்றன.

தொடக்கக் கால வளிமத்தில் தூசியும் இல்லை, கனமான தனிமங்களும் இல்லை. அவை விண்மீன்களுக்குள் சமைக்கப்பட்டு வெளிவருபவை. அன்று வளிமத்தைக் குளிர்விக்கக் கிடைத்தது இரண்டு அணுக்கள் இணைந்த ஹைட்ரஜன் மூலக்கூறு மட்டுமே. அம்மூலக்கூறு மென்மையானது. அருகில் மற்றொரு பேரடையில் விண்மீன்கள் தோன்றி அவற்றின் புற ஊதாக் கதிர்கள் வந்து தாக்கினால் உடைந்துவிடும். அவ்வாறு உடைந்தால் வளிமம் குளிர வழியின்றி 8,000 பாகை அளவில் வெப்பமாகவே இருக்கும். வெப்பமான வளிமம் சிறு துண்டுகளாக உடையாது. ஒட்டுமொத்தமாக நடுவை நோக்கிச் சரியும். இதன் விளைவாக 10,000 முதல் 1,00,000 வரையிலான சூரிய நிறையுடன் ஒரு கருந்துளை தோன்றலாம். இதுவே நேரடிச் சரிவு, இவ்வாறு தோன்றுவது கனத்த விதை எனப்படும்.

இதற்கு வேண்டிய சூழல் அரிதாகவே அமையும். அண்டை வீட்டில் விளக்கு எரிய வேண்டும், ஆனால் அதன் புகை இங்கே வந்து சேரக் கூடாது. அதாவது அண்டைப் பேரடையின் கதிர்கள் வந்து சேர வேண்டும். அதன் விண்மீன்கள் வெடித்துச் சிதறும் கனமான தனிமங்கள் வந்து கலந்துவிடக் கூடாது. கொள்கையை எதிர்ப்போர் முதலில் சுட்டிக்காட்டியதும் இதையே.

பிரியம்வதா ஒரே கருத்தைப் பற்றிக்கொண்டு இருந்துவிடவும் இல்லை. 2014ல் இசுரேலைச் சேர்ந்த டால் அலெக்சாண்டருடன் இணைந்து, இலேசான விதைகூடச் செறிந்த விண்மீன் கொத்துக்குள் அங்குமிங்கும் அலைந்து குளிர்ந்த வளிமத்தை எடிங்டன் வரம்பை மீறி விழுங்கி விரைவாக வளர முடியும் என்று காட்டினார். தமது கொள்கைக்கு மாற்றான வழியையும் தாமே கணக்கிட்டு வெளியிட்டார்.

2017ன் முன்கணிப்பும் 2023ன் கண்டுபிடிப்பும்

இரு கொள்கைகளுள் எது சரி என்பதை எப்படி அறிவது? பல கோடி ஆண்டுகள் வளர்ந்த பின் கருந்துளையைப் பார்த்து அதன் விதையைச் சொல்ல முடியாது. முளைவிட்ட உடனே பார்க்க வேண்டும். 2017ல் பிரியம்வதாவும் உடன் பணியாற்றியோரும் இதற்கான அடையாளத்தை வரையறுத்து வெளியிட்டனர். இன்றைய பேரடைகளில் நடுக் கருந்துளையின் நிறை, விண்மீன்களின் நிறையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆனால் கனத்த விதையிலிருந்து தொடங்கிய பேரடையில், சிறிது காலத்துக்குக் கருந்துளையின் நிறை அனைத்து விண்மீன்களின் நிறைக்கும் ஈடாகவோ மிகுதியாகவோ இருக்கும். இத்தகைய "அளவுமீறிய கருந்துளைப் பேரடை" அகச்சிவப்பு ஒளியிலும் எக்ஸ்-கதிரிலும் எவ்வாறு தோன்றும் என்பதையும் கணித்துத் தந்தனர். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி விண்ணில் ஏவப்பட்டது 2021 திசம்பர் 25 அன்று. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே இக்கணிப்பு அச்சில் வந்துவிட்டது.

2023 நவம்பரில் அக்கோஸ் பொக்டான் தலைமையிலான குழு நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டது. யூ.எச்.இசட்-1 என்று பெயரிடப்பட்ட இப்பேரடை, அண்டம் தோன்றி ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளே ஆன காலத்தைச் சேர்ந்தது. அண்டத்தின் இன்றைய வயதான 1380 கோடி ஆண்டுகளில் இது 3 விழுக்காடுதான். ஜேம்ஸ் வெப் அதன் அகச்சிவப்பு ஒளியைப் பதிவு செய்தது. சந்திரா எக்ஸ்-கதிர் வானாய்வகம் இரு வார அளவிலான நோக்கலில் அதன் எக்ஸ்-கதிரைப் பதிவு செய்தது. கருந்துளையின் நிறை 1 கோடி முதல் 10 கோடி சூரியன்கள் வரை இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. அப்பேரடையின் விண்மீன்களின் மொத்த நிறையும் ஏறத்தாழ அவ்வளவே. பொக்டான் குழுவில் ஒருவராக இருந்த பிரியம்வதா, அடுத்து வெளியிட்ட கட்டுரையில், காணப்பட்ட பண்புகளைத் தமது 2017ஆம் ஆண்டின் கணிப்புடன் ஒப்பிட்டு, இதுவே முதல் அளவுமீறிய கருந்துளைப் பேரடை என வாதிட்டார்.

மேற்கூறிய இரட்டிப்புக் கணக்கை இங்கும் இட்டுப் பார்க்கலாம். அண்டம் தோன்றி 20 கோடி ஆண்டுகளில் விதை தோன்றியதாகக் கொண்டால், வளர எஞ்சியிருப்பது 27 கோடி ஆண்டுகள். அதில் ஏறத்தாழ ஒன்பது இரட்டிப்புகளுக்கே இடமுண்டு. நிறை சில நூறு மடங்கு பெருகும். 100 சூரிய நிறையுள்ள விதை சில பத்தாயிரங்களைத்தான் எட்டும். ஓர் இலட்சம் சூரிய நிறையுள்ள விதையோ சில கோடிகளை எட்டிவிடும்.

யூ.எச்.இசட்-1 கண்ணில் பட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது ஏபெல் 2744 என்னும் பேரடைக் கொத்தின் பின்னால் இருக்கிறது. 350 கோடி ஒளியாண்டுகள் தொலைவிலுள்ள இக்கொத்தின் கரும்பொருள், பின்னால் உள்ள பேரடையின் ஒளியை ஏறத்தாழ நான்கு மடங்கு பெருக்கிக் காட்டியது. அந்தப் பெருக்கம் இல்லையேல் எக்ஸ்-கதிர் சைகை எட்டியிராது. ஏபெல் 2744, 2017ல் பிரியம்வதாவின் குழு ஹப்பிள் படங்களைக் கொண்டு கரும்பொருள் உறைகளை வரைந்த கொத்துகளுள் ஒன்றாகும். வில்லையும் விதையும் இருபது ஆண்டுகளாக இவர் தனித்தனியே நடத்திவந்த ஆய்வுகள். அவை ஒரே படத்தில் வந்து சேர்ந்தன.

ஐயங்கள்

ஒரு பேரடையைக் கொண்டு ஒரு கொள்கையை நிறுவிவிட முடியாது. சந்திரா பதிவு செய்த எக்ஸ்-கதிர் ஒளியன்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. கருந்துளையின் நிறை மதிப்பீடு, அது எடிங்டன் வரம்பில் விழுங்குகிறது என்னும் எடுகோளைச் சார்ந்தது. வரம்பை மீறி விழுங்குவதாகக் கொண்டால் நிறை குறைந்துவிடும், இலேசான விதைக்கும் இடம் கிடைத்துவிடும். இவ்விரு குறைகளையும் துறையில் உள்ளோர் எழுப்பியுள்ளனர்.

மறுபுறம், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தொடக்கக் கால அண்டத்தில் விண்மீன்களின் நிறையோடு ஒப்பிட மிகப் பெரிதாகத் தோன்றும் கருந்துளைகள் பலவற்றைத் தொடர்ந்து காட்டி வருகிறது. ஈர்ப்பலைகளும் இதற்கு விடை தரக்கூடும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 சனவரியில் இறுதி ஒப்புதல் அளித்த லிசா என்னும் விண்கலத் திட்டம், 2030களின் நடுவில் ஏவப்பட்ட பின், பழங்காலக் கருந்துளைகள் ஒன்றோடொன்று இணையும்போது எழும் அலைகளைக் கேட்கும். கனத்த விதைகள் இணைவதும் இலேசான விதைகள் இணைவதும் வெவ்வேறு அலைகளை எழுப்பும்.

இவரது எல்லாக் கணிப்புகளும் இதே அளவில் நிலைபெற்றன என்று கூற முடியாது. 2009ல் எசக்கியேல் டிரைஸ்டருடன் இணைந்து, கருந்துளைகள் தம் ஒளியின் விசையாலேயே தம் உணவைத் தடுத்துக்கொள்வதால் அவற்றின் நிறைக்கு ஏறத்தாழ 1000 கோடி சூரியன்கள் என்னும் உச்ச வரம்பு இருக்கக் கூடும் என்று எழுதினார். அதன் பின் வெளிவந்த சில மதிப்பீடுகள் இதை விடப் பெரிய கருந்துளைகளைக் குறிப்பிடுகின்றன. எனினும் அத்தகையவை மிகச் சிலவே என்பதால், வரம்பு என்னும் கருத்து முற்றிலும் கைவிடப்படவில்லை.

நூல்

2016ல் யேல் பல்கலைக்கழக அச்சகம் இவரது "மேப்பிங் த ஹெவன்ஸ்" என்னும் ஆங்கில நூலை வெளியிட்டது. வானத்தை வரைதல் என்று தலைப்பைத் தமிழாக்கலாம். அண்ட விரிவு, கருந்துளை, கரும்பொருள், இருண்ட ஆற்றல் முதலிய கருத்துகள் தோன்றியபோது எவ்வாறு எதிர்க்கப்பட்டன, பின்னர் எவ்வாறு ஏற்கப்பட்டன என்பதைப் பொது வாசகர்களுக்கு விளக்குகிறது. மாணவப் பருவத்தில் இவர் பயின்ற அறிவியல் வரலாறு இந்நூலில் பயன்பட்டிருக்கிறது.

இப்பொருளில் தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு சந்திரசேகருடையது. ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குறுமீனாக நிலைக்க முடியாது என்று அவர் காட்டியதை, 1935 சனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் எள்ளி மறுத்தார். இருவரும் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்தவர்களே. சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983ல். 1999ல் ஏவப்பட்ட சந்திரா வானாய்வகம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. அத்தொலைநோக்கியே யூ.எச்.இசட்-1ன் எக்ஸ்-கதிரைக் கண்டது; அக்கருந்துளையின் நிறையை மதிப்பிடப் பயன்பட்டது எடிங்டன் பெயரால் அமைந்த வரம்பு.

பணிகளும் சிறப்புகளும்

யேல் பல்கலைக்கழகத்தில் வானியல் துறையின் தலைவராகவும், அறிவியலையும் மானுடவியல் புலங்களையும் இணைக்கும் பிராங்கே திட்டத்தின் இயக்குநராகவும் பொறுப்பு வகித்துள்ளார். டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் உள்ள நீல்ஸ் போர் கழகத்தின் கரும்பொருள் ஆய்வு மையத்தில் சோஃபி, டைக்கோ பிராகி பெயரிலான பேராசிரியர் பதவியும், தில்லிப் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு பேராசிரியர் பதவியும் பெற்றவர். சோஃபி, புகழ்பெற்ற வானியலாளர் டைக்கோ பிராகியின் தங்கை. தமையனின் நோக்கல்களுக்கு உதவிய அவரது பெயரும் இப்பதவியின் பெயரில் சேர்க்கப்பட்டுள்ளது.

2008-2009ல் ராட்கிளிஃப் கழகத்தின் ஆய்வு நல்கையும் 2010ல் குக்கன்ஹைம் நல்கையும் இவருக்குக் கிடைத்தன. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் வானியற்பியல் பிரிவுக்குத் தலைமை வகித்துள்ளார். 2024ல் டைம் இதழ் வெளியிட்ட செல்வாக்கு மிக்க நூறு பேரின் பட்டியலில் இடம்பெற்றார்.

2025ஆம் ஆண்டுக்கான வானியற்பியல் டேனி ஹைனமன் பரிசு, கரும்பொருள், கருந்துளை ஆகிய இரு துறைகளிலும் ஆற்றிய பணிகளுக்காக இவருக்கு வழங்கப்பட்டது. அமெரிக்க வானியல் கழகமும் அமெரிக்க இயற்பியல் நிறுவனமும் இணைந்து வழங்கும் இப்பரிசை 1984ல் பெற்றவர் இவரது ஆசிரியரான மார்ட்டின் ரீஸ் ஆவார்.